கூர்ப்புப் பாடம்: யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கி 20 வருடம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வருடமும் கூர்ப்பு, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்ததைச் சொல்லும் அலகு, தொடங்கும் கிழமையில் அதே கேள்விகள் திரும்ப வரும். சில பிள்ளைகள் வகுப்பில் கையை உயர்த்திக் கேட்பார்கள். சிலர் எல்லோரும் போன பிறகு, சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே மெதுவாகக் கேட்பார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனோ தாயோ தயங்கித் தயங்கிக் கேட்பதும் உண்டு. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் கூர்ப்பைப் படிப்பிப்பதற்கு எதிர்ப்பு இருக்கிறதா?

சத்தமான எதிர்ப்பை நான் கண்டதில்லை. "இந்தப் பாடத்தை நிறுத்துங்கோ" என்று கோயிலில் இருந்தோ தேவாலயத்தில் இருந்தோ பள்ளிவாசலில் இருந்தோ ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. இதைச் சொன்னால் வெளியூர் நண்பர்கள், "உங்கட ஊர் முன்னேறிய ஊர்தான்" என்பார்கள். எனக்கு அது சந்தோசம் தருவதில்லை. ஏனென்றால் இங்கே பெரும்பாலானவர்களின் மனநிலை "சோதனைக்குப் படி, பிறகு விட்டிடு" என்பதுதான்.

ஒருமுறை கூர்ப்பு வினாவுக்கு முழுப் புள்ளி எடுத்த பிள்ளை ஒருத்தி, விடைத்தாளை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "ரீச்சர், நீங்கள் இதை உண்மையாவே நம்புறீங்களோ?" என்று கேட்டாள். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எழுதியதை அவள் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பவர்களோடு கதைக்கலாம், வாதாடலாம். பாடமாக்கி எழுதிவிட்டு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வரும் பிள்ளையோடு எதைக் கதைப்பது?

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். நாளைக்கு மழை வரும் என்று நம்புவது ஒன்று. காலையில் எழும்பி, முற்றம் நனைந்து கிடப்பதையும் கிணற்றுக்கட்டில் தண்ணீர் தேங்கி நிற்பதையும் கண்டு, இரவு மழை பெய்திருக்கிறது என்று சொல்வது இன்னொன்று. கூர்ப்பை நான் ஏற்றுக்கொள்வது இந்த இரண்டாவது விதமாக.

பிழை பிள்ளைகளிடம் மட்டும் இல்லை. நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் இந்த அலகை ஒரே பாடவேளையில் முடித்தார். "இது சர்ச்சையான விசயம், நோட்ஸை அப்படியே பாடமாக்குங்கோ" என்றார். நல்ல மனுசர், வேறெதையும் அவர் அப்படிப் படிப்பித்ததில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தால் இது தொடக்கூடாத விசயம் என்று எங்கள் மனதில் பதிந்துவிட்டது.

எந்த வகுப்பில் இதைப் படிக்கிறார்கள்?

விரிவாகப் படிப்பது உயர்தர உயிரியலில். உயிரின் தோற்றம், லாமார்க், டார்வினும் வாலஸும், இயற்கைத் தேர்வு, பிறகு அங்கிகளின் பாகுபாடு என்று போகும். கலை, வர்த்தகம், கணிதம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த விரிவு கிடைக்காது. ஆகவே ஊரில் பெரும்பாலானவர்கள் கூர்ப்பைப் பற்றி வைத்திருப்பது காதில் விழுந்த ஒரே ஒரு வசனம்தான். அதுதான் அடுத்த கேள்வி.

மனிதன் குரங்கில் இருந்து வந்தானா? அப்படியென்றால் இப்போதுள்ள குரங்குகள் ஏன் மனிதராகவில்லை?

எங்கள் உறவுமுறையை வைத்தே விளங்கப்படுத்தலாம். உங்கள் சித்தப்பாவின் மகன் உங்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நீங்கள் அவனில் இருந்து வரவில்லை. இரண்டு பேரும் ஒரே பாட்டனில் இருந்து வந்தவர்கள். "நான் இருக்கும்போது அவன் எப்படி இன்னும் இருக்கிறான்?" என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சி எங்களுக்குப் பாட்டன் முறை இல்லை, ஒன்றுவிட்ட சகோதர முறை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் வருடங்களுக்கு முன் வாழ்ந்தது. அது இன்றைய சிம்பன்சியும் இல்லை, இன்றைய மனிதனும் இல்லை. முற்றத்து மாமரத்தில் தாவும் குரங்கு இன்னும் தூரத்து உறவு.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நிறமூர்த்தக் (குரோமோசோம்) கணக்கையும் சொல்வேன். மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள், சிம்பன்சிக்கு 48. ஒரு சோடி எங்கே போனது? எங்களுடைய 2ஆம் நிறமூர்த்தத்தைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு சிறிய நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டிய அடையாளம் அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. நிறமூர்த்தத்தின் நுனியில் மட்டும் இருக்கவேண்டிய டி.என்.ஏ. தொடர் அங்கே நடுவில் இருக்கிறது. இதைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

இது வெறும் "கொள்கை" தானே? நிரூபிக்கப்படவில்லையே?

இந்தச் சந்தேகத்துக்கு எங்கள் சொல்லே பாதிக் காரணம். தமிழில் கொள்கை என்றால் ஒருவர் தெரிந்து பிடித்துக்கொள்வது. கட்சிக் கொள்கை என்கிறோம், "அவர் கொள்கைப் பிடிப்பு உள்ளவர்" என்கிறோம். ஆகவே டார்வின் கொள்கை என்றதும், "அது அவருடைய கொள்கை, எங்களுக்கு எங்கட கொள்கை" என்று தோன்றிவிடுகிறது. விஞ்ஞானத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு எடை. நோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் ஒரு கொள்கை. சடப்பொருள் அணுக்களால் ஆனது என்பதும் கொள்கை. அவற்றை யாரும் "வெறும் கொள்கை" என்று தள்ளிவிட்டு, சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவாமல் போவதில்லை. ஏராளமான அவதானங்களை ஒன்றாகக் கட்டி விளக்கி, சோதித்துப் பார்க்கவும் இடம் கொடுக்கும் விளக்கத்துக்கே அங்கே அந்தப் பெயர். சோதிக்கக் காத்திருக்கும் ஊகத்துக்குக் கருதுகோள் என்று வேறு சொல் இருக்கிறது.

சரி, ஏன் "கூர்ப்பு"? தமிழ்நாட்டில் "பரிணாமம்" என்கிறார்களே?

இரண்டும் ஒன்றுதான். இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு, தமிழ்நாட்டில் பரிணாமம். இணையத்தில் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கூர்ப்பு என்றதும் கூர்மையாவது, திருந்துவது என்று நினைக்க வேண்டாம். குடலில் வாழும் நாடாப்புழுவுக்கு உணவுக்கால்வாயே இல்லாமல் போனதும் கூர்ப்புத்தான்.

விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, அதற்கான கலைச்சொற்களையும் உண்டாக்கினார்.

நாங்கள் சைவக் குடும்பம். இதைப் படித்தால் பிள்ளை கோயிலுக்குப் போகாமல் விட்டுவிடுமா?

என்னிடம் படித்தவர்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், போகாதவர்களும் இருக்கிறார்கள். அதைக் கூர்ப்புப் பாடம் தீர்மானித்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் சாதாரணதரம் வரை சைவநெறியையும் விஞ்ஞானத்தையும் ஒரே நாளில், ஒரே மேசையில் இருந்து படிக்கிறார்கள். உயிர்கள் எப்படி மாறின என்று ஒரு பாடம் சொல்கிறது. எப்படி வாழ வேண்டும் என்பதை மற்றது சொல்கிறது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறு வகைப் பதில்: "இதெல்லாம் எங்கட சிவபுராணத்தில் எப்பவோ சொல்லிப்போட்டினம்." அன்பாகச் சொல்கிறார்கள், எனக்கு அது விளங்குகிறது. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் பாடும்போது எனக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் அடுத்த அடிகளை நிதானமாகப் படியுங்கள். பாம்பாகி, கல்லாய், மனிதராய், பேயாய், கணங்களாய் என்று போகிறது. பாம்புக்கும் மனிதனுக்கும் நடுவில் கல் நிற்கிறது, மனிதனுக்குப் பிறகு பேய் வருகிறது. மாணிக்கவாசகர் சொன்னது ஒரே உயிர் பிறவி பிறவியாக உடம்பு மாறி, "பிறந்திளைத்தேன்" என்று களைத்துப் போய் இறைவனிடம் வந்து நிற்பதை. கூர்ப்பு சொல்வது ஒரு குடித்தொகை, அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் ஒரே இன உயிர்களின் கூட்டம், தலைமுறை தலைமுறையாக மாறுவதை. அதில் எந்தத் தனி உயிரும் இன்னொன்றாக மாறுவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் பாட்டின் களைப்பும் போய்விடும், பாடத்தின் கருத்தும் போய்விடும். தசாவதாரத்துக்கும் இதே பதில்தான். மீன், ஆமை, பன்றி என்ற வரிசையின் ஒரு துண்டு பொருந்துவதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான்.

கிறிஸ்தவ, இஸ்லாமியப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

கத்தோலிக்கப் பெற்றோர் பலருக்குத் தங்கள் திருச்சபையின் நிலைப்பாடே தெரியாது. மனித உடலின் தோற்றத்தைக் கூர்ப்பின் வழியில் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950இல் எழுதினார். ஆன்மா மட்டும் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பது அவர் வைத்த வரம்பு. 1996இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், கூர்ப்பு கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று சொன்னார். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து எடுக்கும் சபைகளின் பிள்ளைகளுக்கு இது கடினம்தான். இஸ்லாமியப் பிள்ளைகளில் சிலருக்கு மற்ற உயிர்கள் பற்றிய பகுதி பிரச்சினையாக இருப்பதில்லை, ஆதம் நபி பற்றிய இடத்தில்தான் நிற்பார்கள். இவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: உன் நம்பிக்கையை இங்கே யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். ஆனால் இந்த விளக்கம் என்ன சொல்கிறது, எந்த ஆதாரத்தால் சொல்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொள். மறுப்பதென்றாலும் விளங்கிக்கொண்டு மறு.

மற்ற நாடுகளில் இதற்கு வழக்கே நடந்ததாமே?

நடந்தது. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 1925இல் ஜோன் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்குக் கூர்ப்பைப் படிப்பித்ததற்காக 100 டொலர் தண்டம் விதித்தார்கள். பிறகு மேல்நீதிமன்றம் ஒரு நடைமுறைக் குறையைக் காட்டி அதை நீக்கினாலும், சட்டம் 1967 வரை இருந்தது. அடுத்த வருடம் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட தடைகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில், "அறிவார்ந்த வடிவமைப்பு" என்ற பெயரில், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தபோது, அது விஞ்ஞானம் இல்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

இத்தனைக்குப் பிறகும் மக்கள் மனம் மெதுவாகத்தான் மாறுகிறது. கருத்துக்கணிப்பு நடத்தும் கலப் நிறுவனம் 1982இல் கேட்டபோது அமெரிக்கர்களில் 44 வீதமானோர், கடவுள் மனிதனை இன்றைய வடிவிலேயே கடந்த 10,000 வருடத்துக்குள் படைத்தார் என்றார்கள். 2024இல் அது 37 வீதம்.

எங்கள் பக்கத்து நாட்டில் நடந்ததுதான் எனக்கு வலித்தது. 2023இல் இந்தியாவின் மத்திய பாடநூல் நிறுவனம் 10ஆம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்து கூர்ப்புப் பகுதியை எடுத்துவிட்டது. பாடச்சுமையைக் குறைப்பதாகக் காரணம் சொன்னார்கள். 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். துருக்கி 2017இல் இதே போல உயர்நிலைப் பள்ளியில் இருந்து நீக்கியது. எங்களிடம் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. இருக்கும் பாடத்தை நாங்களே நாற்பது நிமிடத்தில் கடந்து போனால், நீக்கியவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு பக்கத்தையும் சொல்லிக் கொடுத்துப் பிள்ளையே முடிவெடுக்க விடலாமே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரசாயனவியலில் இரசவாதத்தையும் மற்றப் பக்கமாகச் சொல்லிக்கொடுங்கோ என்று யாரும் கேட்பதில்லை. கூர்ப்பின் வேகம் என்ன, எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று உயிரியலாளர்களுக்குள்ளேயே நிறைய வாதம் இருக்கிறது. அந்த வாதங்களை வகுப்புக்குக் கொண்டுவரலாம், கொண்டுவரவும் வேண்டும்.

வட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒன்றில் டார்வின் பொய் என்று நிரூபித்திருக்கிறார்கள். பார்த்தீர்களா?

நிறையப் பார்த்துவிட்டேன். இந்தச் சில வருடங்களில் புதிதாக வந்த மாற்றம் இது. முன்பு அக்கறையின்மை மட்டும் இருந்தது, இப்போது எங்கேயோ யாரோ செய்த சண்டை தமிழ்க் குரல் ஏற்றப்பட்டு எங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கு வருகிறது. வீடியோவைத் திட்டி அனுப்பாதீர்கள். அதில் சொல்லும் ஒரு கூற்றை மட்டும் எடுத்து, பிள்ளையோடு இருந்து தேடிப் பாருங்கள். ஒரு வகை உயிர் இன்னொரு வகையாக மாறிய இடைநிலையைக் காட்டும் உயிர்ச்சுவடு ஒன்றுகூட இல்லை என்பார்கள். 2004இல் கனடாவின் வட பகுதியில் கண்டெடுத்த டிக்டாலிக்கைப் பற்றித் தேடுங்கள். செதிலும் செட்டையும் உள்ள மீன், ஆனால் கழுத்து அசையும், செட்டைக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள்.

அந்த ஆதாரமெல்லாம் வெளிநாட்டில். எங்கள் ஊரில் காட்ட ஏதாவது இருக்கிறதா?

உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. குடாநாடு நிற்பது சுண்ணாம்புக்கல்லின் மேல். அது மயோசீன் காலத்தில், அதாவது 2 கோடியே 30 இலட்சம் முதல் 50 இலட்சம் வருடங்களுக்கு முற்பட்ட காலப்பகுதியில், கடலுக்கு அடியில் படிந்த கல். என் மேசையில் கிணறு வெட்டிய இடத்தில் பொறுக்கிய ஒரு துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அளவு, வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம். ஒரு பக்கத்தில் சிப்பியின் அச்சு, விசிறி மடிப்பு மாதிரி வரிவரியாக. பிள்ளைகள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி அதன் மேடுகள் மழுங்கிவிட்டன. விரலால் தடவும்போதுதான், எங்கள் வீட்டுக் கிணறு ஒரு காலத்தில் கடலின் அடி என்பது அவர்களுக்கு உறைக்கிறது.

பழைய காலத்துச் சிப்பி சரி. கூர்ப்பு இப்போது நடப்பதை நேரில் பார்க்க ஏலுமா?

ஏலும், அதுவும் யாழ்ப்பாணத்திலேயே. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது எல்லோரும் கேட்ட வசனம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரையோரத்தில் தேடிப் பார்த்தார்கள். கைவிட்ட வள்ளங்களிலும் பாவனை இல்லாத கிணறுகளிலும் எறிந்து கிடந்த போத்தல்களிலும் இருந்த உவர்நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பின் குடம்பிகள் (புழுப் பருவம்) இருந்தன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்பு உள்ள நீரிலும் இருந்தன. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். இந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே எழுதுவது: "நுளம்பு உப்புக்குப் பழகிவிட்டது." நான் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போடும் இடம் அதுதான். அது, ஒரு உயிர் வாழும்போது பழகிப் பெற்றது பிள்ளைகளுக்கும் போகும் என்ற லாமார்க்கின் சிந்தனை. பழகியதா, பரம்பரையாக வருவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்களே யோசியுங்கள் என்று ஐந்து நிமிடம் விடுவேன். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "உப்புத் தண்ணி நுளம்பை நல்ல தண்ணியிலை வளர்த்துப் பாக்கலாம் ரீச்சர். பழக்கம் என்றால் அது போயிடும்."

ஆய்வாளர்கள் செய்ததும் அதுதான். உவர்நீரில் இருந்து எடுத்த நுளம்புகளை 5 தலைமுறை வரை நன்னீரில் வளர்த்தார்கள். உப்பைத் தாங்கும் திறன் கொஞ்சம் குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. குறைந்த பங்கு பழக்கம். மிஞ்சிய பங்கு பரம்பரை. உப்பைத் தாங்கக்கூடிய வேறுபாடு தற்செயலாக வாய்த்தவை உவர்நீரில் தப்பிப் பிழைத்தன, அவற்றின் பிள்ளைகள் பெருகின. இயற்கைத் தேர்வு என்பது இதுதான். இன்னொரு வித்தியாசமும் கண்டார்கள். நன்னீர் நுளம்பு முட்டையிட நன்னீரையே தேடியது, உவர்நீர் நுளம்பு பெரிதாகப் பாகுபாடு காட்டவில்லை. ஆய்வுகூடத்தில் இரண்டும் கலந்து குஞ்சு பெற்றன, ஆகவே இன்னும் ஒரே இனம்தான். ஆனால் வெளியில் இரண்டுக்கும் இடையே கலப்பு குறைவு என்று முடிவுகள் காட்டின. நுளம்புகளை எடுத்த அந்த இரண்டு இடங்களுக்கும் இடைத்தூரம் 5 கிலோமீற்றர். சைக்கிளில் அரை மணித்தியாலம். 2014இல் வெளியான ஆய்வு இது. டார்வின் போன கலாபகசுத் தீவுகளுக்குப் போக வேண்டியதில்லை.

என் பிள்ளை மருத்துவம் படிக்கப் போகிறவள். இது அவளுக்கு என்ன பிரயோசனம்?

மலேரியாவின் கதையைச் சொல்கிறேன். 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேர்தான். ஒழித்துவிட்டோம் என்று டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியின் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969 அளவில் ஒரு வருடத்தில் 5 இலட்சத்துக்கு மேல் நோயாளர். மறுபடி தெளித்தபோது நுளம்புகளில் டி.டி.ரி.க்கு எதிர்ப்பு இருந்தது. கடைசியில் 1977இல் மலத்தியன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாறினார்கள். மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016இல்தான் கிடைத்தது. வெங்காயத் தோட்டத்தில் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, "இப்ப மருந்து வேலை செய்யுதில்லை" என்று சொல்லும் கமக்காரரும் இயற்கைத் தேர்வைத்தான் பார்க்கிறார். வைத்தியரைக் கேட்காமல் கடையில் நுண்ணுயிர்கொல்லி வாங்கி விழுங்கும் பழக்கத்தால், பற்றீரியாவிலும் அதையேதான் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் நுளம்பு ஒரு நாள் கடலுக்குள்ளேயே போய்விடுமா, ரீச்சர்?

இதைக் கேட்டவன் குருநகர்ப் பையன். இயற்கைத் தேர்வுக்கு முன்கூட்டிய திட்டம் எதுவும் இல்லை என்று சொன்னேன். லீற்றருக்கு 10 கிராம் உப்பிலேயே முட்டை பொரிப்பது குறைகிறது, குடம்பி வளர நாள் கூடுகிறது. உப்பு அதற்கு இன்னும் பாரம்தான். என்ன வேறுபாடு பிறக்கும், அதில் எது பிழைக்கும் என்பதைப் பொறுத்தது மிச்சம். அதுவரை பாவிக்காத கிணற்றை மூடுங்கோ, கரையில் ஏற்றிய வள்ளத்தைக் கவிழ்த்து வையுங்கோ, உப்புத் தண்ணிதானே என்று விடாதேங்கோ என்றேன்.

அடுத்த கிழமை அவன் ஒரு ஜாம் போத்தலோடு வந்தான். மாமாவின் பழைய வள்ளத்துக்குள் இருந்து அள்ளியதாம். வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றி நின்றது. ஏழெட்டுக் குடம்பிகள் நீர்மட்டத்தில் தலைகீழாகச் சரிந்து தொங்கின, போத்தலைத் தட்டியதும் நெளிந்துகொண்டு அடிக்குப் போயின. ஒருத்தி விளிம்பில் காய்ந்திருந்த வெள்ளைப் படிவை விரலால் சுரண்டிப் பார்த்து, "உப்புத்தான்" என்றாள். பாடம் முடிந்ததும் எல்லோருமாக மைதானத்துக்குப் போய், வெயில் காய்ந்த மணலில் அதை ஊற்றினோம்.